மதர்போர்டு போர்ட்டுகளும் பயாஸ் ரீசெட்டும்: சிபியுவைக் கடைக்குத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

சிஸ்டம் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மன்னார்குடியிலோ வேதாரண்யத்திலோ இருப்பவர் அடுத்து என்ன செய்கிறார்? சிபியு பெட்டியை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ கிளம்பிவிடுகிறார். அங்கே "போர்டு போயிடுச்சு சார்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடலாம். நிஜமாகவே போர்டு போவதும் உண்டுதான், ஆனால் மானிட்டர் கேபிள் தப்பான இடத்தில் செருகியிருந்ததாலோ, சில பத்து ரூபாய் பட்டன் பேட்டரி தீர்ந்ததாலோ நின்றுபோன மிஷின்களும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. போர்டில் எது எதற்கு இருக்கிறது, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) செட்டிங்ஸை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். வேண்டிய கருவிகள் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்ச் இருக்கிற போன், ஒரு பெயின்ட் பிரஷ், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர். அவ்வளவுதான்.

பெட்டியின் பின்பக்கம்

பெட்டியைத் திருப்பினால் மேல்பாதியில் நெட்டுக்குத்தாக ஒரு கூட்டம் போர்ட்டுகள் தெரியும், அவை போர்டோடு சேர்ந்தவை. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பவை தனியாகச் செருகிய கார்டுகளுடையவை. இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் "டிஸ்ப்ளே வரல" என்ற புகாரின் பெரிய பங்கு இங்கேதான் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டத்தில் மானிட்டர் கேபிளைக் கீழே இருக்கும் கார்டில்தான் செருக வேண்டும். வீட்டைக் கூட்டிப் பெருக்கி எல்லாக் கேபிளையும் கழற்றி மாட்டியவர் மேலே கண்ணில் பட்ட எச்டிஎம்ஐ-யில் செருகிவிட்டிருப்பார், கார்டு இருப்பதைப் பார்த்ததும் போர்டின் சொந்த வெளியீட்டைப் பல போர்டுகள் தாமாகவே நிறுத்திவிடும், திரை கறுப்பாகவே நிற்கும். இன்னொன்று, போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருப்பதாலேயே அதில் படம் வந்துவிடாது. படத்தைத் தருவது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ். இன்டெலில் ஐ5-12400எஃப் போலக் கடைசியில் எஃப் வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டி-யில் ரைசன் 5 3600, 5600 இரண்டுக்கும் இல்லை, 5600ஜி-க்கு உண்டு. இப்படிப்பட்ட பிராசஸரை வைத்துக்கொண்டு கார்டைக் கழற்றிவிட்டுப் போர்டைச் சோதித்துப் பார்த்தால் ஒரு நாளும் படம் வராது, அதற்குப் போர்டைக் குறை சொல்லவும் முடியாது.

நீல நிற விஜிஏ நம் பக்கத்துப் பழைய மானிட்டர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வரிசையில் 15 துளைகள், இரண்டு பக்கமும் திருகு. படம் மஞ்சளடித்தோ ஊதாவாகவோ வந்தால் கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள், ஏதாவது ஒரு பின் வளைந்து படுத்திருக்கும். ஊக்கு முனையால் மெதுவாக நிமிர்த்தலாம். புதுக் கிராபிக்ஸ் கார்டுகளில் விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் தேவைப்படும்.

வட்டமான பிஎஸ்2 போர்ட்டில் ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு. இரண்டு நிறமும் பாதிப்பாதியாக இருந்தால் எதையும் செருகலாம். சிஸ்டம் ஓடும்போது இதைக் கழற்றி மாட்டாதீர்கள், மறுபடி ஆன் செய்யும்வரை கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம், போர்ட்டே கெடவும் வாய்ப்புண்டு. பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்று வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். யுஎஸ்பி கீபோர்டை ஏற்காமல் பயாஸ் அடம்பிடிக்கும் நாளில் அது உதவும்.

யுஎஸ்பி-யில் கறுப்பு பெரும்பாலும் 2.0, அதாவது நொடிக்கு 480 மெகாபிட். நீலம் 3.0, 5 கிகாபிட். சிவப்பு, பச்சைநீலம் போன்றவை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைப்பது. சந்தேகம் வந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: 2.0-வில் நான்கு தகடுகள், 3.0-வில் அவற்றுக்குப் பின்னால் கூடுதலாக ஐந்து சின்னத் தொடுமுனைகள். பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க்கை நீலத்தில் செருகுங்கள். வயர்லெஸ் மவுசின் குட்டி டாங்கிளை மட்டும் கறுப்புக்கு மாற்றுங்கள். 3.0 ஓடும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் போய்க் கலக்கும், மவுஸ் விட்டுவிட்டு நகர அதுவும் ஒரு காரணம்.

ஆடியோவில் பச்சை ஸ்பீக்கர், இளஞ்சிவப்பு மைக், இளநீலம் வெளியிலிருந்து வரும் ஒலி. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

லேன் போர்ட்டைப் பற்றித்தான் டெல்டாக்காரர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இடியோடு வரும். தெருக்கம்பத்திலிருந்து வரும் செம்புக் கம்பி இணைப்பு வழியாக மின்னலின் வீச்சு உள்ளே நுழைந்து மோடத்தைச் சுட்டு, லேன் கேபிள் வழியாகப் போர்டுக்கும் வரும். பிளக்கைப் பிடுங்கியவர்கள் லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி இழை இணைப்பில் வெளிக்கம்பி வழியாக மின்னல் நுழையும் ஆபத்து பெரிதும் குறைவு, ஆனால் வீட்டுக்குள் ரூட்டரிலிருந்து சிபியு வரை ஓடுவது செம்புக் கேபிள்தான், ரூட்டரின் அடாப்டர் கரன்ட்டில்தான் இருக்கிறது. இடி கேட்டால் மூன்றையும் கழற்றுங்கள்: பவர் கார்டு, லேன், மானிட்டர்.

லேன் கேபிளைச் செருகியும் அந்தப் போர்ட்டின் இரண்டு குட்டி விளக்குகளும் எரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் ரூட்டரில் வேறு ஓட்டை. அதற்கும் எரியாவிட்டால் லேன் சில்லு போயிருக்கலாம். மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் இதற்காகப் போர்டை மாற்றாதீர்கள். யுஎஸ்பி-யில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், பயாஸில் ஆன்போர்டு லேன் என்பதை டிசேபிள் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மூடியைத் திறந்தால்

சுவிட்சை அணைத்து, பவர் கார்டைக் கழற்றி, பெட்டியின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்ட பிறகு போர்டில் கை வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டாட்டிக் (உடம்பில் தேங்கும் மின்சாரம்) குறைவுதான், ஏசி அறையில் அப்படியில்லை.

திறந்ததும் தூசி. தை மாதச் சம்பா அறுவடை முடிந்த கையோடு, களத்துக்குப் பக்கத்து வீட்டுச் சிபியுவைத் திறந்தால் பிராசஸர் ஃபேனுக்கு அடியில் நெல்தூசி ஒட்டடையோடு சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருக்கும். பிரஷ்ஷால் தட்டுங்கள், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பல்லி முட்டை, எறும்புப் புற்று, எலி கடித்த வயர் இருந்தாலும் இப்போதே தெரியும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்றால் தகடுகளில் பச்சையாகப் பூத்திருக்கும், அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும், தண்ணீர் வேண்டாம்.

பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு இணைப்புகள் கட்டாயம். ஓரத்தில் 24 முனை கொண்ட பெரியது ஒன்று, பிராசஸருக்குப் பக்கத்து மூலையில் 4 அல்லது 8 முனை கொண்டது ஒன்று. இரண்டாவது கழன்றிருந்தால் ஃபேன் சுற்றும், படம் வராது. அந்த 8 முனையும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முனையும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும். வடிவம் பொருந்தாது, அழுத்தி நுழைத்தால் புகைதான்.

ரேமைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும், டிஸ்ப்ளே வராததற்கு நம் பக்கத்தில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி அது. இரண்டு பக்கத்துக் கிளிப்பையும் விலக்கி ரேமை வெளியே எடுங்கள். அடியில் உள்ள பொன்னிறத் தகடுகள் மங்கிப் போயிருந்தால் அழிரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இதைச் சிரிப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் ஈரம் ஏறிய ஊரில் இது வேலை செய்கிறது. நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். டிடிஆர்3, 4, 5 ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது, நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

சாட்டா போர்ட்டுகள் எல் வடிவம், ஹார்ட் டிஸ்க்குக்கும் பழைய எஸ்எஸ்டி-க்கும். எம்.2 ஸ்லாட் (புது எஸ்எஸ்டி செருகும் இடம்) படுத்த மாதிரி இருக்கும். 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். புது எம்.2 மாட்டிய அன்றே பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதற வேண்டாம், சில போர்டுகளில் எம்.2 வந்ததும் குறிப்பிட்ட ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும். கேபிளை வேறு சாட்டாவுக்கு மாற்றினால் தீர்ந்தது.

வலது கீழ் மூலையில் குட்டிக் குட்டி வயர்கள் போகும் இடம் ஃப்ரன்ட் பேனல். பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச், இரண்டு விளக்குகள். சுவிட்ச் வயரை எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், விளக்குக்கு மட்டும் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும். பவர் பட்டன் தேய்ந்து போய் சிஸ்டம் ஆனே ஆகவில்லை என்றால், ரீசெட் சுவிட்சின் வயரைக் கழற்றி பவர் முனைகளில் மாட்டுங்கள். அன்றிலிருந்து ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன், பைசா செலவில்லை.

செட்டிங்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது

போர்டின் நடுவிலோ கீழேயோ வெள்ளிக்காசு மாதிரி ஒன்று தெரிகிறதே, அது சிஆர்2032 பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சில்லில் 64 பைட் இருந்தது. 14 பைட் கடிகார வேலைக்கு, மீதி 50 பைட்டில் செட்டிங்ஸ். அது சிமாஸ் (மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சில்லு) வகை என்பதால்தான் இன்றும் "சிமாஸ் கிளியர்" என்கிறோம். புதுப் போர்டுகளில் பல செட்டிங்ஸ் பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சில்லிலேயே பதிந்துவிடுகின்றன, பேட்டரி முக்கியமாகக் கடிகாரத்துக்கு. அதனால் சில போர்டுகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் செட்டிங்ஸ் அப்படியே நிற்கும், அங்கே ஜம்பர் முறைதான் (போர்டில் உள்ள குறிப்பிட்ட முனைகளை இணைத்து அழிப்பது, கீழே வருகிறது) சரி.

பேட்டரி தீர்ந்ததற்கு அடையாளம் என்ன? தேதி ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குத் தாவும், ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தச் சொல்லும், பாதுகாப்பான தளங்கள் எல்லாம் சான்றிதழ் சரியில்லை என்று திறக்க மறுக்கும். இ-சேவை மையத்தில் இருப்பவர் இன்டர்நெட் போய்விட்டதாக நினைப்பார், உரக்கடையில் பில் பழைய தேதியில் அடிக்கும். பிளக் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை கடிகாரத்துக்குப் பவர் சப்ளையே மின்சாரம் தரும். இரவில் கடையைப் பூட்டும்போது மெயினை அணைக்கிறவர்கள், இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் சிஸ்டத்தில் பேட்டரி சீக்கிரமே தீரும். அணைப்பது தப்பே இல்லை, தேதி தாவினால் காரணம் இது என்று தெரிந்தால் போதும். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள், 2.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். கடையில் சிஆர்2025-ஐக் கொடுத்து "இதுவும் அதேதான்" என்பார்கள், விட்டம் ஒன்றுதான், தடிமன் குறைவு, ஆடிக்கொண்டு நிற்கும். கழற்றிய பேட்டரி குழந்தை கைக்குப் போகவே கூடாது, விழுங்கினால் தொண்டையையும் குடலையும் அரித்துவிடும்.

ரீசெட் செய்யும் முன்

படம் வருகிற சிஸ்டம் என்றால் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். முக்கியமாக மூன்று: சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ-யா ரெய்டா, பூட் முறை (விண்டோஸைத் தொடங்கும் முறை) யுஇஎஃப்ஐ-யா (புதுசு) லெகசியா (பழசு), பூட் வரிசை (எந்த டிஸ்க்கில் முதலில் தேடுவது). முதல் இரண்டும் மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும் அல்லது டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். ஃபைல் எதுவும் போயிருக்காது, பழைய மதிப்பை வைத்ததும் எழுந்து வந்துவிடும்.

அடுத்தது பிட்லாக்கர். விண்டோஸில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் ரீசெட்டுக்குப் பிறகு 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டால் டிஸ்க்கில் உள்ள கல்யாண ஃபோட்டோவை யாராலும் எடுத்துத் தர முடியாது.

ரீசெட்: எளிதிலிருந்து கடினத்துக்கு

பயாஸுக்குள் போக முடிந்தால் அங்கேயே முடித்துவிடலாம். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பி-யில் எஃப்10, லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2. பிடிபடவில்லையா, விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போங்கள். உள்ளே லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் என்று இருக்கும். அசூஸில் எஃப்5, எம்எஸ்ஐ-யில் எஃப்6, ஜிகாபைட்டில் எஃப்7, ஆஸ்ராக்கில் எஃப்9. கொடுத்துவிட்டு எஃப்10-இல் சேமித்து வெளியே வாருங்கள். கீபோர்டில் எந்தக் கீ என்பது திரையின் ஓரத்திலேயே எழுதியிருக்கும்.

படமே வராத சிஸ்டத்துக்கு ஜம்பர். பவர் கார்டு கழன்றிருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். போர்டில் பொடி எழுத்தில் கிளியர் சிமாஸ், சிஎல்ஆர்டிசி, ஜேபிஏடி1 இப்படி ஏதாவது பெயர் இருக்கும், பேட்டரிக்குப் பக்கத்திலோ கீழ் ஓரத்திலோ. டார்ச் அடித்துத் தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் போர்டின் மாடல் பெயரை வைத்து மேனுவலை டவுன்லோடு செய்யுங்கள், ஊகத்தில் எந்த முனையையும் தொடக் கூடாது. மூன்று முனை இருந்து, முதல் இரண்டின் மேல் குட்டிப் பிளாஸ்டிக் தொப்பி இருந்தால், அதைக் கழற்றி இரண்டாவது, மூன்றாவது முனைகளில் பத்து விநாடி வைத்துவிட்டுத் திரும்பப் பழைய இடத்தில் மாட்டுங்கள். மாட்ட மறந்தால் பல போர்டுகள் ஆன் ஆகாது. இரண்டே முனை என்றால் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்து அதே பத்து விநாடி தொட்டால் போதும். விலை கூடிய போர்டுகளில் பின்பக்கத்திலேயே இதற்கு பட்டன் உண்டு. பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் (பயாஸையே புதிதாக எழுதும்) பட்டனும் இருக்கலாம், எழுத்தைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

ஜம்பரே அகப்படவில்லை என்றால் பேட்டரி. பிடித்திருக்கும் கொக்கியை நகத்தால் விலக்கினால் பேட்டரி தானாகத் துள்ளி எழும். நெம்பக் கூடாது, ஹோல்டர் உடைந்தால் அதற்குச் சால்டரிங் வேண்டும். ஐந்து நிமிஷம் வெளியே வைத்திருந்து, நடுவில் பவர் பட்டனை ஒருமுறை பத்து விநாடி அழுத்துங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி புதுசைப் பொருத்துங்கள். சின்னப் போர்டுகளில் சிலவற்றில் பேட்டரி செங்குத்தாக நிற்கும், அங்கே பிளஸ் எந்தப் பக்கம் என்பதைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி ஆன் செய்ததும்

முதல் முறை தாமதமாகும். ரேமைப் புதிதாக அளந்து பார்க்கிறது, டிடிஆர்5 போர்டுகளில் சில நிமிஷம்கூடத் திரை கறுப்பாக நிற்கும், தானாக ஓரிரு முறை அணைந்து எழும். பொறுமை இல்லாமல் பிளக்கைப் பிடுங்காதீர்கள். எஃப்1 கேட்டால் அழுத்தி உள்ளே போய்த் தேதி, நேரம் சரிசெய்யுங்கள். அப்புறம் போனில் எடுத்த படத்தைப் பார்த்துச் சாட்டா மோடு, பூட் வரிசை. ரேம் முழு வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ-வை ஆன் செய்யுங்கள், செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்தில் ஓடலாம்.

கரன்ட் போய் வந்ததும் சிஸ்டம் தானாக ஆன் ஆக வேண்டும் என்று வைத்திருப்பவர்கள், கேமரா பதிவுக்கு டெஸ்க்டாப் வைத்திருக்கும் ரைஸ் மில் மாதிரி இடங்கள், ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்ற இடத்தில் திரும்பவும் மாற்ற வேண்டும். ரீசெட் அதை அணைத்திருக்கும், அடுத்த மின்தடைக்குப் பிறகு பதிவு நின்றது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவரும். பயாஸ் அப்டேட்டை மட்டும் இந்த உற்சாகத்தோடு செய்ய வேண்டாம். அதற்கு யுபிஎஸ் வேண்டும், மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளாகவும் இருக்கக் கூடாது, பாதியில் கரன்ட் போனால் போர்டு உண்மையாகவே படுத்துவிடும்.

இதற்கும் அசையாவிட்டால்

போர்டின் ஓரத்தில் சிபியு (இங்கே பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். விளக்கு இல்லாத பழைய போர்டில் சின்ன ஸ்பீக்கர் மாட்டினால் பீப் சத்தம் வைத்துச் சொல்லலாம், எத்தனை பீப் என்றால் என்ன என்பது போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலில் இருக்கும். ஒரே ஒரு ரேம், கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டால் அது மட்டும், ஹார்ட் டிஸ்க் எல்லாம் கழற்றிய நிலையில் ஒருமுறை ஆன் செய்யுங்கள். அதற்கும் ஃபேன்கூட அசையவில்லை என்றால் போர்டுக்கு முன்னால் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள், நம் ஊர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் முதலில் அடிவாங்குவது அது. பக்கத்து வீட்டில் இருப்பதை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி மாட்டிப் பார்க்கலாம். போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் மண்டை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "டிஸ்ப்ளே வரல" என்று மட்டும் சொல்லாமல், ரேம் மாற்றிப் பார்த்தாச்சு, ஜம்பர் போட்டாச்சு, டிராம் விளக்கு நிற்கிறது, இந்த பவர் சப்ளையோடு ஓடவில்லை என்று வரிசையாகச் சொல்லுங்கள். போர்டு மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிராசஸர் சாக்கெட்டும் ரேம் வகையும் ஒத்துப்போகிற போர்டுதானா என்பதையும் பில் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.